விபத்தில் தப்பியவர்களின் முதுகுவலி: ஊவா தோட்டங்களில் தெரிந்திருக்க வேண்டியவை

2021 மார்ச் 20 ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் ஒன்று பசறை 13 ஆம் கட்டைப் பகுதியில் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது 14 பேர் உயிரிழந்தார்கள். 30 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். மலையிலிருந்து சரிந்து விழுந்த பாறையொன்று அகற்றப்படாமல் அந்த இடத்தில் பாதையை ஒடுக்கியிருந்தது. சில நாட்கள் நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. 2025 செப்டம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தபோதும் அப்படித்தான் பேசினோம்.

இறந்தவர்களின் எண்ணிக்கை தலைப்பாகிறது. காயமடைந்தவர்கள் கடைசி வரியில் ஓர் இலக்கமாக நின்றுவிடுகிறார்கள். தையல் பிரித்து, கட்டு அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு ஆறு மாதம் கழித்தும் குனிய முடியாமல் இருப்பது எந்தக் கணக்கிலும் வராது. பஸ் விபத்தில்தான் இது நடக்க வேண்டும் என்றில்லை. மழையில் நனைந்த படிக்கட்டில் வழுக்கினாலும், குளவி துரத்தி மலைச் சரிவில் ஓடி விழுந்தாலும், முச்சக்கரவண்டி புரண்டாலும், மண்சரிவில் சுவர் மேலே சாய்ந்தாலும் முதுகு அடிவாங்கும்.

யாழ்ப்பாணத்தில் "நாரி நோகுது" என்பார்கள். தோட்டத்தில் "இடுப்பு புடிச்சிருச்சு", "குறுக்கு வலி" என்பார்கள். போரில் காயப்பட்டு, அல்லது காயப்பட்டவரைத் தூக்கிச் சுமந்து, இன்றைக்கும் நிமிர முடியாமல் இருக்கும் நம் வாசகர்கள் பலருக்கு இந்த வலியை விளக்கத் தேவையில்லை. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களில் இரண்டு ஊர்களின் வலியும் ஒரே வீட்டில் இருக்கிறது. ஊவாவை வைத்து எழுதினாலும், கீழே உள்ள மருத்துவத் தகவல்கள் அவர்களுக்கும் பொருந்தும்.

வலி ஏன் போகவில்லை?

விபத்தில் அடிபட்ட தசையும் தசைநாரும் பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் ஆறிவிடும். 3 மாதங்களைத் தாண்டியும் வலி தொடர்ந்தால் மருத்துவர்கள் அதை நாட்பட்ட வலி என்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2020 இல் உலகம் முழுவதும் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு இடுப்புப் பகுதி முதுகுவலி இருந்தது. அப்படி வருபவர்களில் ஏறத்தாழ 90 வீதமானோருக்கு இந்த எலும்பு, இந்த நரம்பு என்று ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது.

காரணத்தைக் காட்ட முடியாததால் வலி பொய்யாகிவிடாது. நெடுநாள் வலித்த உடம்பில் நரம்புத் தொகுதியே கூர்மையாகிவிடுகிறது. தொழிற்சாலையில் தீ அணைந்த பிறகும் சங்கு ஊதிக்கொண்டிருப்பதைப் போல, காயம் ஆறிய பிறகும் மூளைக்கு எச்சரிக்கை போய்க்கொண்டே இருக்கிறது. பயந்து அசையாமல் இருந்தால் தசை இளைக்கிறது. இளைத்த தசை சிறு வேலைக்கும் வலிக்கிறது. நித்திரை கெட்டாலும், கடன் நெருக்கினாலும், விபத்துக் காட்சி கனவில் வந்தாலும் வலி கூடுகிறது. வலி நீடிப்பது பெரும்பாலும் இந்தச் சுற்றினால்தான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகவே உடைக்க முடியும்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

- சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்வது, அல்லது சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது
- மலவாசலைச் சுற்றியும் தொடையின் உட்பக்கத்திலும் மரத்துப்போவது
- ஒரு காலோ இரண்டு கால்களுமோ பலம் குறைந்து வருவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபடுவது
- முதுகுவலியுடன் காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவது, படுத்திருந்தாலும் குறையாத இரவு வலி
- 50 வயதைத் தாண்டியவர், குறிப்பாகப் பெண், சாதாரணமாக வழுக்கி விழுந்த பிறகு நிற்கவே முடியாத வலி

முதல் மூன்றும் முள்ளந்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளங்களாக இருக்கலாம். அதற்குச் சத்திரசிகிச்சை மணிக்கணக்கில் தீர்மானிக்கப்பட வேண்டியது. நாட்கள் தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகலாம். கடைசியாகச் சொன்னது எலும்பு தேய்ந்தவர்களுக்கு முள்ளந்தண்டு எலும்பு அமுங்கி உடைவதாக இருக்கலாம். அதற்கு எக்ஸ்ரே கட்டாயம்.

விபத்து நடந்த இடத்தில் ஒரு வார்த்தை. முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி லொறியில் போடுவது இன்றும் நடக்கிறது. 1990 இற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரும்வரை, தீயோ மண்சரிவோ இல்லாத இடமானால், அவரை அசைக்காமல் விடுங்கள். தூக்கியே ஆகவேண்டுமென்றால் தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி நாலைந்து பேர் சேர்ந்து புரட்டி, ஒரு பலகையிலோ கழற்றிய கதவிலோ வைத்துத் தூக்குங்கள்.

படுத்தே இருந்தால் ஆறுமா?

ஆறாது. முன்பு மருத்துவர்களே வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். இன்று அந்த ஆலோசனை கைவிடப்பட்டுவிட்டது. எலும்பு முறிவு இல்லை என்று உறுதியான பிறகு, ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பின் மெல்ல நடக்கத் தொடங்குவதே நல்லது. கட்டாந்தரையில் படுத்தால்தான் முதுகு நேராகும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. எந்தப் படுக்கையில் நித்திரை வருகிறதோ அதில் படுங்கள். பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையையோ மடித்த போர்வையையோ வைத்தால் பலருக்கு இதமாக இருக்கும்.

படம் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

"எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும்" என்று தனியார் நிலையங்களில் பெருந்தொகை செலவழிப்பவர்கள் உண்டு. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தாலோ, சத்திரசிகிச்சை பற்றி யோசிக்கும் நிலை வந்தாலோ அது தேவை. மற்றவர்களுக்கு அந்தப் படம் பயத்தையே கூட்டக்கூடும். வலியே இல்லாதவர்களின் முதுகுப் படங்களை ஆராய்ந்த 2015 ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பொன்றில், 20 வயதினரில் 30 வீதமானோருக்கும் 80 வயதினரில் 84 வீதமானோருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. அறிக்கையில் "டிஸ்க் பிதுக்கம்" என்று இருப்பதால் மட்டும் வாழ்க்கை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

போரில் காயமடைந்தவர்களுக்கு முக்கியமான ஒன்று: உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருந்தால், அல்லது இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால்கூட, எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் சொல்லியாக வேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம். உள்ளே இருக்கும் இரும்பை அது நகர்த்தக்கூடும். கண்ணருகே, முள்ளந்தண்டருகே துண்டு இருந்தால் ஆபத்து அதிகம். எப்படிக் காயம் வந்தது என்று சொல்லத் தயக்கமாக இருந்தால் "உடம்பில் உலோகத் துண்டு இருக்கிறது" என்று மட்டும் சொன்னாலும் போதும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

மாத்திரை, எண்ணெய், பெல்ட்

உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட முதுகுவலிக்கென்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை, தடவல் போன்ற கைச்சிகிச்சை, தேவைப்படும்போது வீக்கம் குறைக்கும் மருந்து ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட், இழுவைச் சிகிச்சை, அபின் வகை வலிநிவாரணிகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

ஆகவே எண்ணெய் காய்ச்சித் தடவுவதைக் கேலி செய்யத் தேவையில்லை. சூடும் தடவலும் இறுகிய தசைக்கு இதம் தரும். அந்த இதத்தில் எழுந்து நடந்தால் பயன் உண்டு. ஆனால் விபத்து நடந்த புதிதில், முறிவு இல்லையென்று தெரியுமுன், சுளுக்கு எடுப்பதாக முதுகில் ஏறி மிதிப்பதும் முறுக்குவதும் ஆபத்து. பெல்ட் பயணத்துக்கு, ஒரு நாள் கட்டாய வேலைக்கு உதவலாம். மாதக்கணக்கில் கட்டினால் தசை தன் வேலையை மறந்துவிடும்.

டைக்லோபெனாக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகள் சில நாட்களுக்கு உதவும். கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், இரத்த அழுத்தம் கூடும், சிறுநீரகம் கெடும். பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டைப் பகுதி ஏற்கனவே சிறுநீரக நோய்க்குப் பேர்போனது. நீரிழிவோ அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது. காய்ச்சல் இருக்கும்போது யாரும் தொடக்கூடாது. டெங்கு என்றால் இரத்தக்கசிவு வரலாம். வலி மறக்கக் குடிப்பவர்கள் பரசிட்டமோலையும் சேர்த்து விழுங்கினால் ஈரல் பாதிக்கப்படும். பெயர் எழுதாத உறையில் "வலிக்குளிசை" என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

லயத்து அறையில் செய்யக்கூடிய பயிற்சி

பெரிய அரச வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவு உண்டு. ஊவாவில் பதுளை போதனா வைத்தியசாலை முதன்மையானது. தோட்டத்து டிஸ்பென்சரியிலோ அருகிலுள்ள அரச வைத்தியசாலையிலோ காட்டி, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். இயன்மருத்துவர் காட்டித்தந்த பயிற்சியை வீட்டில் தொடர்ந்தால்தான் பலன். மாதம் ஒருமுறை கிளினிக்கில் மட்டும் செய்தால் பலன் இராது. முறிவு இல்லையென்று உறுதியானவர்கள் ஒரு பாய் விரித்த இடத்தில் இவற்றைத் தொடங்கலாம்.

1. சமதரையில் 5 நிமிட நடை, நாளுக்கு 3 தடவை. ஒவ்வொரு வாரமும் 2 நிமிடம் கூட்டுங்கள். செங்குத்தான மலைப்பாதையில் தொடங்க வேண்டாம்.
2. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தரையோடு அழுத்தி 5 எண்ணி விடுங்கள். 10 தடவை.
3. அதே நிலையில் ஒரு முழங்காலை நெஞ்சுப் பக்கம் இழுத்துப் பிடித்து 10 எண்ணுங்கள். பிறகு மற்றக் கால்.
4. முழங்கால்களை மடக்கியபடியே பின்புறத்தை மெல்லத் தூக்கி இறக்குங்கள். 5 இல் தொடங்கி 15 வரை கொண்டுபோங்கள்.
5. கதிரையில் அமர்ந்து கையை ஊன்றாமல் எழுந்து அமருங்கள். 5 இல் தொடங்குங்கள்.

செய்யும்போது சிறிது வலிக்கலாம். மறுநாள் காலையில் அது பழைய அளவுக்கு வந்துவிட்டால் சரி. வலி காலுக்குள் இறங்கினாலோ மரப்புக் கூடினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வலி குறைந்த நாளில் விறகு, தண்ணீர், துணி என்று எல்லா வேலையையும் செய்துமுடித்து அடுத்த 3 நாட்கள் படுத்துக்கிடப்பதுதான் அநேகர் செய்யும் பிழை. நல்ல நாளிலும் அளவோடு நிறுத்துங்கள். மோசமான நாளிலும் கொஞ்சமாவது நடங்கள்.

மலைக்குத் திரும்பும்போது

இந்த ஆலோசனைகளை எழுதுவது இலகு. தோட்டத்தில் அவற்றைக் கடைப்பிடிப்பதற்கு நடுவே "பேர்" நிற்கிறது. குறித்த கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர். இல்லாவிட்டால் அரைப்பேர். மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பு என்று மருத்துவர் சொல்கிறார். சம்பள முறையோ முழுவதாகச் செய், அல்லது வீட்டில் இரு என்கிறது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட நாளொன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்குவிப்புத் தொகையும் வேலைக்கு வந்த நாளுக்கு மட்டுமே. வலியோடு வீட்டில் இருந்தால் சம்பளத்தோடு அதுவும் போகும். அதனால்தான் பலர் ஆறுமுன் மலையேறி, வலியை நிரந்தரமாக்கிக்கொள்கிறார்கள்.

இதற்குள் செய்யக்கூடியவை சில உண்டு. கொழுந்து நிறையுமுன் நிறுவைக்குக் கொடுத்து, கூடையின் பாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தலையில் மாட்டிய கயிறு கழுத்தையும் முதுகையும் சேர்த்து இழுக்கிறது. பாரத்தைத் தூக்கும்போது உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாமல் காலை நகர்த்தித் திரும்புங்கள். ஒரு பெரிய கேன் தண்ணீருக்குப் பதிலாக இரு கைகளிலும் சிறிய கேன்கள். 16 லீற்றர் மருந்துத் தாங்கியை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. முதுகில் அடிபட்டவர் அந்த வேலையையும் கான்வெட்டு, முள்ளுக்குத்து வேலைகளையும் சில மாதங்களுக்குத் தவிர்க்க வேண்டும்.

தவிர்ப்பதற்குக் கையில் கடிதம் வேண்டும். "பாரம் தூக்கக் கூடாது, இத்தனை வாரத்துக்கு இலகு வேலை" என்று மருத்துவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது பிரட்டுக்களத்தில் செல்லாது. கடிதத்தின் பிரதியை வைத்துக்கொண்டு, மூலப்பிரதியைத் தோட்டத் தலைவர் முன்னிலையில் தோட்டக் காரியாலயத்தில் கொடுத்துத் திகதியுடன் கையெழுத்து வாங்குங்கள்.

காகிதங்கள்

தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வேலையின்போது நேர்ந்த விபத்துக்குத் தொழில் வழங்குநர் நட்டஈடு கொடுக்க வேண்டும். 2022 திருத்தம் உச்சத் தொகையை 5 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும், வேலையிலிருந்து திரும்பும் வழியில் நடக்கும் விபத்துக்களையும் உள்ளடக்கியது.

முதுகுவலிக்காரர் சிக்குவது ஓரிடத்தில். கை, கால், விரல், கண் இழப்புக்கு இத்தனை வீதம் என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. வலிக்கு அப்படி இல்லை. உழைக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை மருத்துவச் சான்றிதழால் காட்ட வேண்டும். விபத்து நடந்த நாளிலேயே முதுகில் அடிபட்டது பதிவாகியிருந்தால் அது முடியும். கை முறிந்ததை மட்டும் சொல்லி, "இடுப்பும் வலிக்கிறது" என்பதை ஆறு மாதம் கழித்துச் சொன்னால், வலி விபத்தால்தான் வந்தது என்று நிறுவுவது மிகக் கடினம்.

ஆகவே இவற்றை ஒரு பொலித்தீன் பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

- டிஸ்பென்சரித் துண்டு, வைத்தியசாலையை விட்டு வரும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி
- எக்ஸ்ரே படங்களும் அறிக்கைகளும்
- பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கமும் பிரதியும். வீதி விபத்தென்றால் பொலிஸார் தரும் படிவத்துடன் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டியாக வேண்டும்
- விபத்துக்கு முந்திய மாதங்களின் சம்பளச் சீட்டுகள்
- வேலைக்குப் போக முடியாத நாட்களை எழுதிய ஒரு கொப்பி

பஸ், லொறி விபத்தென்றால் வாகனக் காப்புறுதியிலிருந்து நட்டஈடு கோரி வழக்கிடலாம். அதை விபத்து நடந்து 2 வருடங்களுக்குள் செய்ய வேண்டும். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் பதுளையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம். இனி வேலையே செய்ய முடியாதபடி நிரந்தர இயலாமை ஏற்பட்டதாக மருத்துவர் சான்றளித்தால், ஊழியர் சேமலாப நிதியை ஓய்வு வயதுக்கு முன்னரே பெற விண்ணப்பிக்கலாம்.

மொழியும் ஒரு தடை. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டிருந்தாலும், கிளினிக்கில் தமிழ் தெரிந்தவர் எப்போதும் இருக்க மாட்டார். "கொந்த ரிதெனவா" என்றால் முதுகு வலிக்கிறது. "கக்குல ஹிரி வெட்டெனவா" என்றால் கால் மரக்கிறது. "முத்ரா யன்னே நே" என்றால் சிறுநீர் போகவில்லை. இந்த மூன்றும் தெரிந்திருந்தாலே ஆபத்தைச் சொல்லிவிடலாம். பொலிஸ் வாக்குமூலத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

வீட்டிலிருப்பவர்களுக்கு

வெளியே தெரியாத வலிக்கு வீட்டிலும் நம்பிக்கை கிடைப்பதில்லை. "கால் கை நல்லாத்தானே இருக்கு" என்ற ஒரு சொல் போதும், அடிபட்டவர் வாயை மூடிக்கொள்வார். பஸ்ஸில் ஏறப் பயம், நித்திரையில் திடுக்கிட்டு எழுவது, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் அவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரச வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போனால் பைத்தியம் என்று பொருளில்லை. பயம் தணிந்தால் வலியும் தணியும். போரைக் கடந்தவர்களிடம் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

இவற்றில் எதையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் மூன்றைச் செய்யுங்கள். கிளினிக் கொப்பியில் முதுகுவலி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை எழுதச் சொல்லுங்கள். காகிதங்களை ஒரே பையில் சேருங்கள். நாளைக் காலை லயத்தின் முன்னால் 5 நிமிடம் நடங்கள்.